பள்ளி முடிந்த பிறகு: கற்றல் குறைபாடுள்ள மாணவரை முன்கூட்டியே தயார்படுத்துவது எப்படி?

கற்றல் குறைபாடுள்ள மாணவருக்குப் பள்ளியில் கிடைக்கும் உதவிகளில் பெரும்பாலானவற்றை அவர் கேட்டு வாங்குவதில்லை. பெற்றோர் கேட்கிறார்கள், சிறப்பாசிரியர் எழுதிக் கொடுக்கிறார், தலைமையாசிரியர் கையெழுத்திடுகிறார். தேர்வு நாளன்று கூடுதல் நேரம் தானாக வந்துவிடுகிறது. பள்ளியை விட்டு வெளியே வந்ததும் இது அடியோடு மாறிவிடும். கல்லூரியிலும் தொழிற்பயிற்சி நிலையத்திலும் வேலையிடத்திலும் யாரும் தேடி வந்து "உனக்கு என்ன உதவி வேண்டும்?" என்று கேட்க மாட்டார்கள். மாணவரே போய்ச் சொல்ல வேண்டும், சான்றைக் காட்ட வேண்டும், முதல் முறை கிடைக்காவிட்டால் மறுபடி கேட்க வேண்டும். 17 வயது வரை ஒருமுறைகூடச் செய்து பார்க்காத வேலையை 18 வயதில், தெரியாத இடத்தில், தெரியாத ஆட்களிடம் முதன்முதலாகச் செய்ய நேர்வதால்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

இந்தத் தடுமாற்றத்தைத் தவிர்க்கப் பள்ளியின் கடைசி மூன்று நான்கு ஆண்டுகளில் போடும் திட்டத்தை மாற்றத் திட்டம் என்கிறார்கள். மேற்படிப்பு அல்லது பயிற்சி, வேலை, தனியாக வாழத் தேவையான அன்றாடத் திறன்கள் என்று மூன்று பக்கமும் அது பேசும். ஆனால் அதன் அடிநாதம் ஒன்றுதான்: பெரியவர்கள் கையில் இருக்கும் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மாணவர் கைக்கு மாற்றுவது.

யாருக்கான திட்டம் இது?

கற்றல் குறைபாடு என்று இங்கே சொல்வது, பொதுவான அறிவுத்திறன் நன்றாக இருந்தும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஒன்றோ பலவோ விடாப்பிடியாகச் சிக்கலாக இருப்பதை. வாசிப்பில் வந்தால் டிஸ்லெக்சியா, எழுத்தில் வந்தால் டிஸ்கிராஃபியா, எண்களில் வந்தால் டிஸ்கால்குலியா. மூளை தகவலைக் கையாளும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. சோம்பலோ வளர்ப்போ காரணம் இல்லை. கவனக்குறைவுச் சிக்கலும் பலருக்குக் கூடவே இருக்கும். அறிவுசார் குறைபாடு இதிலிருந்து வேறுபட்டது. அதற்கான திட்டமிடலும் வேறு.

பள்ளியோடு இது முடிந்துவிடாது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். நல்ல பயிற்சியால் வாசிப்பு மேம்படும், வேகம் கூடும், தன்னம்பிக்கை வரும். ஆனாலும் பெரியவரான பிறகும் நீண்ட ஆவணத்தைப் படிக்க அவருக்கு மற்றவர்களைவிட நேரம் அதிகம் பிடிக்கலாம். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்கும் குடும்பங்கள்தான் கடைசி ஆண்டில் அவசர அவசரமாக ஓடுகின்றன.

சட்டம் எங்கே நிற்கிறது?

அமெரிக்காவில், குறைபாடுள்ள மாணவர்களின் கல்விக்கான கூட்டாட்சிச் சட்டம், மாணவருக்கு 16 வயது ஆகும்போது நடப்பிலிருக்கும் தனிநபர் கல்வித் திட்டத்தில் (பள்ளி தரும் உதவிகளை எழுதிவைக்கும் ஆவணம்) மாற்றத் திட்டமும் இருந்தாக வேண்டும் என்கிறது. சில மாநிலங்கள் 14 வயதிலேயே தொடங்குகின்றன. பள்ளியை முடித்ததும் அந்தக் கல்வித் திட்டம் காலாவதியாகிவிடும். கல்லூரியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டங்கள் உண்டு, ஆனால் உதவி கேட்க வேண்டியது மாணவர். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்றவர்களுக்கு அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்க அச்சட்டம் சொல்கிறது. பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இருக்கிறது, உயர்கல்வி மாணவர்களுக்குத் தனி உதவித்தொகையும் இருக்கிறது. டிஸ்லெக்சியா உள்ளவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

சட்டம் எதுவானாலும், 18 வயதுக்குப் பின் உரிமை பெரும்பாலும் மாணவர் பெயரில்தான் இருக்கும். பல நாடுகளில் மகனின் அல்லது மகளின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் கல்லூரி பெற்றோரிடம் மதிப்பெண்ணைக்கூடச் சொல்லாது.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பள்ளியில் குறைபாடு அடையாளம் காணப்பட்ட அமெரிக்க மாணவர்களைப் பள்ளிக்குப் பின்னும் தொடர்ந்து கவனித்த தேசிய ஆய்வின் 2011 அறிக்கைப்படி, பள்ளியில் 87 சதவீதத்தினர் ஏதோ ஓர் உதவி ஏற்பாட்டைப் பெற்றிருந்தனர். மேற்படிப்பில் அதைப் பெற்றவர்கள் 19 சதவீதம் மட்டுமே. தங்கள் குறைபாட்டைக் கல்வி நிறுவனத்திடம் தெரிவித்தவர்களே 28 சதவீதம்தான். மீதிப் பேர் சொல்லவே இல்லை. பலர் தங்களுக்குக் குறைபாடு இருப்பதாகவே கருதவில்லை. எல்லா வகைக் குறைபாடுகளையும் சேர்த்த கணக்கு இது. வெளியே தெரியாத குறைபாட்டைச் சொல்லாமல் மறைப்பது எவ்வளவு எளிது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

மூன்று வாக்கியங்கள்

ஆகவே தயாரிப்பின் முதல் வேலை, மாணவருக்குத் தன் குறைபாட்டைத் தெரியவைப்பது. இது பலருக்கு வியப்பாக இருக்கும். பத்து வருடம் சிறப்பு வகுப்புக்குப் போன பிள்ளையிடம் "உனக்கு என்ன சிரமம்?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்குப் படிப்பு வராது" என்ற பதில் வந்தால், அவரிடம் யாரும் முறையாக எடுத்துச் சொல்லவில்லை என்று அர்த்தம். மதிப்பீட்டு அறிக்கையைப் பெற்றோர் பீரோவில் பூட்டி வைத்திருப்பார்கள்.

அந்த அறிக்கையை 14 அல்லது 15 வயதில் மாணவரோடு உட்கார்ந்து படிக்க வேண்டும். முழுவதையும் ஒரே நாளில் வேண்டாம். முதலில் அவருடைய பலங்கள் எழுதப்பட்ட பகுதி, அடுத்த அமர்வில் சிரமங்கள், மூன்றாவது அமர்வில் பரிந்துரைகள். மதிப்பீடு செய்த உளவியலாளர் ஒரு மணி நேரம் நேரடியாக மாணவரிடமே விளக்கினால் இன்னும் நல்லது. தன் மூளையைப் பற்றித் தனக்கே ஒருவர் மரியாதையாக விளக்குவது, பல மாணவர்களுக்கு வாழ்க்கையில் முதல் முறையாக நடக்கும் விஷயம்.

அதன் பிறகு மூன்று வாக்கியங்களை மாணவரே எழுத வேண்டும். முதல் வாக்கியம் சிரமம் என்ன என்பது. இரண்டாவது, அது எந்த வேலையைப் பாதிக்கிறது என்பது. மூன்றாவது, எது உதவுகிறது என்பது. இப்படி: "எனக்கு டிஸ்லெக்சியா இருக்கிறது, அதனால் நான் மெதுவாகத்தான் வாசிப்பேன். கேள்வித்தாள் நீளமாக இருந்தால் கடைசிக் கேள்விகளுக்கு நேரம் இருக்காது, ஆனால் பாடம் எனக்குத் தெரியும். கூடுதல் நேரமும், கேள்வியை வாசித்துக் காட்டும் மென்பொருளும் இருந்தால் முழுத் தாளையும் எழுதிவிடுவேன்."

இதில் மன்னிப்புக் கேட்கும் தொனி எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மாணவர்கள் முதலில் எழுதும்போது "தயவுசெய்து கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் சார்" என்றுதான் தொடங்குவார்கள். அதைத் திருத்த வேண்டும். அதேபோல "எனக்கு உதவி வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. "வகுப்புக்கு முந்தைய நாளே பாடக்குறிப்பை அனுப்ப முடியுமா மேடம்?" என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்ற பதிலாவது வரும்.

எழுதியதைப் பேசிப் பழக வேண்டும். சிறப்பாசிரியரிடம் தொடங்கி, பிடித்த பாட ஆசிரியரிடம், பிறகு அதிகம் பழக்கமில்லாத ஆசிரியரிடம் என்று படிப்படியாகப் போகலாம். மாணவருக்கான உதவிகளைப் பேசப் பள்ளியில் நடக்கும் ஆண்டுக் கூட்டத்தில் 14 வயதில் மாணவர் உட்கார்ந்து கேட்டாலே போதும். அடுத்த ஆண்டு தன் பலங்களையும் சிரமங்களையும் இரண்டு நிமிடம் அவரே சொல்லட்டும். 16 வயதில் எந்த உதவி பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று அவர் அறிக்கை தரட்டும். கடைசி ஆண்டில் கூட்டத்தை அவரே நடத்தட்டும். யாரை அழைப்பது, எதைப் பேசுவது என்பதும் அவர் பொறுப்பு. இதில் வழக்கமாக நடக்கும் தவறு என்னவென்றால், பிள்ளை ஒரு நொடி தயங்கியதும் அம்மாவோ அப்பாவோ பதிலை முடித்துவிடுவார்கள். பத்து நொடி அமைதியாக இருப்பது கஷ்டம்தான். ஆனால் அந்தப் பத்து நொடியில்தான் பிள்ளை பேசக் கற்றுக்கொள்கிறது.

'இல்லை' என்ற பதிலுக்கும் ஒத்திகை வேண்டும். ஓர் ஆசிரியர் மறுப்பவராக நடிக்க, மாணவர் "வேறு எந்த வழியில் செய்யலாம்?", "இதை யாரிடம் பேச வேண்டும்?", "இதை எழுத்தில் தர முடியுமா?" ஆகிய மூன்று கேள்விகளையும் கேட்டுப் பழக வேண்டும். இந்த ஒத்திகை இல்லாத மாணவர் முதல் மறுப்பிலேயே திரும்பி வந்துவிடுவார், அதற்குப் பிறகு கேட்கவே மாட்டார்.

ஆவணக் கோப்பு

கோப்பில் நான்கு பொருள்கள் போதும்: கடைசி மதிப்பீட்டு அறிக்கை, அரசுச் சான்று அல்லது அடையாள அட்டை, பள்ளியில் எந்தெந்த உதவிகள் எத்தனை ஆண்டு தரப்பட்டன என்ற பள்ளியின் கடிதம், மேலே சொன்ன மூன்று வாக்கியங்கள். அசல் ஒரு கோப்பில், வருடல் பிரதி மாணவரின் மின்னஞ்சலில். கடவுச்சொல் மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் அறிக்கையின் வயதில் வரும். எட்டு வயதில் எடுத்த அறிக்கையைக் கொண்டுபோனால் பல நிறுவனங்கள் ஏற்காது. இந்தியாவில் 2018-இல் வந்த சான்றளிப்பு வழிகாட்டி, 8 வயதில் பெற்ற சான்றை 14 வயதிலும் 18 வயதிலும் புதுப்பிக்கச் சொன்னது. 18 வயதில் பெறுவது வாழ்நாள் முழுவதும் செல்லும் என்றும் சொன்னது. வேறு நாடுகளில் கடந்த மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்குள் எடுத்த அறிக்கையைக் கேட்கும் கல்லூரிகள் உண்டு. மறுமதிப்பீட்டுக்கு நேரம் கிடைக்கவே மாதங்கள் ஆகலாம். எனவே பள்ளி முடிய ஒன்றரை ஆண்டு இருக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். அறிக்கையில் குறைபாட்டின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. எந்தச் சோதனை, என்ன மதிப்பெண், அன்றாடப் படிப்பில் அது எப்படித் தெரிகிறது, அதனால் எந்த உதவி தேவை என்ற நான்கும் இருக்க வேண்டும். கடைசியில் சொன்ன பரிந்துரை இல்லாத அறிக்கையால் நுழைவுத் தேர்வு நேரத்தில் அலைய நேரிடும்.

கருவிகள்: முன்பே பழகாவிட்டால் சுமை

வாசித்துக் காட்டும் வசதி இன்று அநேகமாக எல்லாக் கைபேசியிலும் கணினியிலும் உள்ளேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் இம்மர்சிவ் ரீடர், ஆண்ட்ராய்டின் செலக்ட் டு ஸ்பீக் போன்றவை இலவசம். பேச்சை எழுத்தாக்கும் குரல்வழித் தட்டச்சும் அப்படித்தான். விலை பெரிய தடை இல்லை, பழக்கம்தான் தடை. காதால் கேட்டுப் பாடம் படிப்பது ஒரு தனித் திறன். முதல் சில வாரங்கள் மனம் அலையும். வழக்கமான வேகத்தில் தொடங்கி, கண்ணும் எழுத்தைத் தொடர, ஒரு பத்தி முடிந்ததும் நிறுத்தி ஒரு வரியில் சொல்லிப் பார்த்து, பிறகு வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

ஒரு சின்னச் சிக்கலை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஆசிரியர் அனுப்பும் பிடிஎஃப் கோப்பு புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்ததாக இருந்தால் மென்பொருள் அதை வாசிக்காது. கோப்பைத் திறந்து ஒரு வரியை விரலாலோ மவுஸாலோ தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எழுத்துகள் தேர்வாகாமல் முழுப் பக்கமும் ஒரே படமாக நின்றால், அதை முதலில் எழுத்துணரி மென்பொருளில் (படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காண்பது) போட்டு மாற்ற வேண்டும். எழுத்துணரி கணிதக் குறியீடுகளையும் அட்டவணைகளையும் குழப்பிவிடும் என்பதால், அந்தப் பக்கங்களை மட்டும் யாராவது சரிபார்க்க வேண்டும். பாடம் தொடங்கும் முன்பே ஆசிரியரிடம் தட்டச்சுக் கோப்பைக் கேட்டுவிட்டால் இந்த வேலையே இல்லை.

தேர்வில் சொல்வதை எழுதுபவரைப் பயன்படுத்தும் மாணவருக்குப் பயிற்சி இன்னும் அவசியம். தலைக்குள் யோசித்துக் கையால் எழுதிப் பழகியவர், வாயால் முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். கலைச்சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டும். பத்தி எங்கே பிரிகிறது என்றும் சொல்ல வேண்டும். படம் வரைய "மேலே ஒரு வட்டம், அதிலிருந்து வலப்பக்கம் ஓர் அம்பு" என்று வழிகாட்ட வேண்டும். குறைந்தது ஐந்தாறு முழுத்தாள்களையாவது இப்படி எழுதிப் பார்த்திருந்தால்தான் தேர்வறையில் திணறாமல் இருப்பார்.

கூடுதல் நேரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. இந்தியாவின் 2018 எழுத்துத் தேர்வு வழிகாட்டி, தகுதியுள்ளவர்களுக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈடுநேரம் தரச் சொன்னது. மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகிவிடும். நான்கு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து கவனம் வைக்கப் பழகாதவருக்கு அந்தக் கடைசி மணி வீண். எனவே ஒத்திகைத் தேர்வையும் அதே நீளத்தில் வையுங்கள். கூடுதல் நேரத்தை எங்கே செலவிடுவது என்று முன்பே முடிவு செய்யுங்கள்: தொடக்கத்தில் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை வாசிக்க, பெரிய விடைக்குக் குறிப்பெடுக்க, கடைசி 15 நிமிடம் விடுபட்டதைப் பார்க்க.

எந்தப் படிப்பு, எந்த வேலை?

கற்றல் குறைபாடு என்றதும் "கைத்தொழில் எதிலாவது சேர்த்துவிடலாம்" என்பது பலர் தரும் அறிவுரை. கைத்தொழில் உயர்ந்ததுதான், அதில் ஆர்வமும் திறமையும் உள்ளவருக்கு அது சரியான வழி. ஆனால் படிக்க வேண்டியதில்லை என்பதற்காக அதில் தள்ளுவது தவறான கணக்கு. மின்பணியாளர் வரைபடம் படிக்கிறார், சுமையைக் கணக்கிடுகிறார். வண்டி பழுது பார்ப்பவர் கையேடு புரட்டுகிறார். சமையல் கூடத்தில் அளவுகளை மூன்று மடங்காக்கும் கணக்கு தினமும் வரும். டிஸ்கால்குலியா உள்ள மாணவரை 'எழுத்து வேலை இல்லாத' தொழிலுக்கு அனுப்பினால், அளவும் கணக்கும் நிறைந்த இடத்தில் அவர் மாட்டிக்கொள்ளலாம். நல்ல வாசிப்புத் திட்டமும் ஒலிப் புத்தகமும் கிடைத்தால் வரலாறோ சட்டமோ படித்துத் தேறக்கூடிய மாணவரும் இருக்கிறார்.

அதனால் படிப்பின் பெயரைவிட அதற்குள் என்ன வேலை இருக்கிறது என்று பாருங்கள். வாரத்துக்கு எத்தனை பக்க வாசிப்பு? மதிப்பெண் எழுத்துத் தேர்வில் எவ்வளவு, செய்முறையில் எவ்வளவு, செயல்திட்டத்தில் எவ்வளவு? வகுப்பில் எத்தனை பேர்? ஒரு பருவத்தில் குறைந்த பாடங்கள் எடுக்க அனுமதி உண்டா? குறைபாடுள்ள மாணவர்களுக்கான உதவி அலுவலகத்தில் முழுநேர ஆள் இருக்கிறாரா, அல்லது வேறு பொறுப்புள்ள ஒருவர் இதையும் சேர்த்துப் பார்க்கிறாரா? இந்தக் கேள்விகளை மாணவரே தொலைபேசியில் கேட்கட்டும். பதில் சொல்பவரின் பொறுமையும் ஒரு தகவல்தான்.

வாசிப்புச் சுமையைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மாணவர் பாடப்புத்தகத்தின் ஐந்து பக்கத்தைப் புரிந்து படிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். 30 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம், பக்கத்துக்கு 6 நிமிடம். நான்கு பாடம், பாடத்துக்கு வாரம் 40 பக்கம் என்றால் 160 பக்கம். 960 நிமிடம், அதாவது 16 மணி நேரம் வாசிப்புக்கு மட்டும். வகுப்பு, எழுதுவேலை, பயணம், தூக்கம் எல்லாம் தனி. மூன்று பாடமாகக் குறைத்தால் 12 மணி நேரம். ஒலி வடிவில் கேட்டுப் பக்கத்துக்கு 4 நிமிடமாகக் குறைந்தால் நான்கு பாடத்துக்கும் 11 மணிக்குக் கீழே வந்துவிடும். "கஷ்டமாக இருக்கும்" என்று பொதுவாகப் பயப்படுவதைவிட இந்த எண்கள் நல்ல முடிவெடுக்க உதவும். வாசிப்பு அதிகமுள்ள இரண்டு பாடங்களை ஒரே பருவத்தில் எடுக்காமல் பிரித்து வைக்கும் யோசனையும் இந்தக் கணக்கில்தான் பிறக்கும்.

வேலையைப் பொறுத்தவரை, பள்ளிக் காலத்திலேயே சம்பளத்துக்கு வேலை பார்த்த அனுபவம் பிற்காலத்தில் வேலை கிடைப்பதோடு நெருக்கமாகத் தொடர்புடையது என்பதை இத்துறை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. விடுமுறையில் சில வாரங்கள் போதும், ஆனால் ஒரே இடமாக வேண்டாம். ஆட்களோடு பேசும் வேலை ஒன்று, பொருளோடு பழகும் வேலை ஒன்று, கணினி முன் உட்காரும் வேலை ஒன்று. ஒவ்வொன்றும் முடிந்ததும் எது களைப்பாக்கியது, எதில் நேரம் போனதே தெரியவில்லை என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள். எழுதச் சிரமமென்றால் குரல் பதிவாக வைத்துக்கொள்ளட்டும்.

நேரம், பணம், படிவம்

பள்ளியில் மணி அடிக்கும், வெளியே அடிக்காது. இந்த மாணவர்களில் பலருக்கு ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மதிப்பிடுவதே கஷ்டம். இரண்டு வாரத்துக்கு ஒரு சின்னப் பதிவு வைக்கச் சொல்லுங்கள்: வேலை, நினைத்த நேரம், உண்மையில் ஆன நேரம். 30 நிமிடம் என்று நினைத்தது 70 நிமிடம் ஆகிறதென்றால் அவருடைய பெருக்கல் எண் 2-க்குச் சற்று மேல். இனி எதைத் திட்டமிட்டாலும் நினைத்த நேரத்தை அந்த எண்ணால் பெருக்கிப் போடட்டும். பெரிய வேலையை உடைப்பதிலும் பயிற்சி வேண்டும். "அறிக்கை எழுது" என்று நாட்காட்டியில் போட்டால் நடக்காது. "மூன்று கட்டுரை தேடு", "முதல் கட்டுரையைக் கேட்டுக் குறிப்பெடு", "தலைப்புகளைக் குரலில் பதிவு செய்" என்று ஒவ்வொன்றும் ஓர் அமர்வில் முடியும் அளவுக்கு இருக்க வேண்டும்.

பணத்தில் வரும் பிழைகள் வேறு மாதிரி. கணக்கு எண்ணை எழுதும்போது 6-ம் 9-ம் மாறும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறும், தசமப் புள்ளி நகரும். எண்ணை மூன்று மூன்றாகவோ நான்கு நான்காகவோ பிரித்து எழுதி, கடைசியிலிருந்து சத்தமாகப் படித்துச் சரிபார்ப்பது நல்ல பழக்கம். புதிதாக ஒருவருக்குப் பணம் அனுப்பும்போது முதலில் மிகச் சிறிய தொகையை அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுவிட்டு மீதியை அனுப்பலாம். நீளமான ஒப்பந்தத்தை யார் அவசரப்படுத்தினாலும் அங்கேயே கையெழுத்திடக் கூடாது. "பிரதி கொடுங்கள், நாளை கொண்டுவருகிறேன்" என்று சொல்லிப் பழக வேண்டும். வீட்டில் அதை மென்பொருள் வாசிக்கக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடலாம்.

படிவங்களுக்கு எளிய வழி இருக்கிறது. பெயர், முகவரி, பிறந்த நாள், படித்த பள்ளி, ஆண்டுகள், அடையாள எண்கள், பரிந்துரைப்பவர்களின் தொலைபேசி எண்கள் எல்லாவற்றையும் பிழையில்லாமல் ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்து கைபேசியில் பூட்டி வைத்திருக்க வேண்டும். எந்த அலுவலகத்தில் படிவத்தை நீட்டினாலும் பார்த்து எழுதிவிடலாம். எழுத்துப்பிழை பயத்தால் படிவத்தையே தவிர்க்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு பக்கம் அவர்களுக்குப் பெரிய விடுதலை.

வேலையிடத்தில் சொல்வதா, வேண்டாமா?

இது மாணவரின் முடிவு, வேறு யாருடையதும் இல்லை. விண்ணப்பத்தில் சொல்லலாம், நேர்காணலில் சொல்லலாம், வேலை உறுதியான பிறகு சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். தேர்வு முறையிலேயே எழுத்துத் தேர்வு இருந்தால் முன்பே சொன்னால்தான் ஏற்பாடு கிடைக்கும். ஒதுக்கீட்டு இடத்துக்கு விண்ணப்பித்தால் சொல்லாமல் முடியாது. மற்ற இடங்களில் வேலை உறுதியான பின், பிரச்சினை வருவதற்கு முன் சொல்வது பலருக்கு ஒத்துவருகிறது. தவறு நடந்து மேலாளர் கோபமாக இருக்கும் நாளில் முதன்முதலாகச் சொன்னால் அது சாக்கு போலத் தோன்றிவிடும். சட்டப் பாதுகாப்பும் பொதுவாகத் தெரிவித்த பிறகுதான் துணைக்கு வரும்.

குறைபாட்டின் பெயரைச் சொல்லாமலேயே வேலை முறையைக் கேட்கவும் முடியும். "நீங்கள் சொல்லும் வேலைகளை ஒரு குறுஞ்செய்தியாகவும் அனுப்பினால் எதையும் விடாமல் முடித்துவிடுவேன் சார்" என்பதில் குறைபாட்டின் பெயரும் இல்லை, தயக்கமும் இல்லை. படிப்படியான சரிபார்ப்புப் பட்டியல், கூட்டத்தைப் பதிவு செய்ய அனுமதி, முக்கிய மின்னஞ்சலை அனுப்பும் முன் சக ஊழியர் ஒருமுறை பார்ப்பது, சத்தம் குறைந்த இடம் ஆகியவை அடிக்கடி கேட்கப்படும் ஏற்பாடுகள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை.

முதல் பருவம்

புதிய கல்லூரியில் வகுப்பு தொடங்கும் முன்பே உதவி அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்திருக்க வேண்டும். "புது இடம், புது ஆளாகத் தொடங்குகிறேன், எந்த உதவியும் வேண்டாம்" என்று முடிவெடுக்கும் மாணவர்கள் நிறைய. அந்த ஆசை புரிந்துகொள்ள வேண்டியதுதான், இத்தனை வருடம் தனியாகப் பிரித்து உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். ஆனால் உதவி ஏற்பாடுகள் பெரும்பாலும் விண்ணப்பித்த தேதிக்குப் பிறகுதான் செல்லும். ஏற்கெனவே தோற்ற தேர்வைத் திரும்ப எழுத வைக்காது. எனவே ஒப்புதலை வாங்கி வைத்துக்கொண்டு, தேவைப்படாவிட்டால் பயன்படுத்தாமல் விடலாம் என்று சொல்லுங்கள். சில கல்லூரிகளில் ஒவ்வொரு பருவமும் கடிதத்தைப் புதுப்பித்து ஒவ்வொரு ஆசிரியரிடமும் மாணவரே கொடுக்க வேண்டியிருக்கும். அந்தத் தேதியை நாட்காட்டியில் முதலில் குறிக்க வேண்டும்.

பெற்றோர் தினமும் விசாரிப்பதை விட்டுவிட்டு, வாரம் ஒருமுறை குறித்த நேரத்தில் 20 நிமிடம் பேசினால் போதும். "இந்த வாரம் எதைக் கேட்டு வாங்கினாய்? எது நினைத்ததைவிட நேரம் எடுத்தது? அடுத்த வாரம் என்ன கெடு இருக்கிறது?" இந்த மூன்று கேள்விகளுக்குப் பதில் வந்தால் நிலவரம் தெரிந்துவிடும். பிள்ளைக்காகக் கல்லூரிக்குத் தொலைபேசி செய்யத் தோன்றும். உடல்நிலையோ மனநிலையோ ஆபத்தில் இருந்தால் தயங்காமல் செய்யுங்கள். மதிப்பெண்ணுக்காக வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, அழைப்பை அவரையே செய்யச் சொல்லுங்கள்.

முதல் உள்தேர்வில் மதிப்பெண் குறைந்தால் உடனே படிப்பை விடும் பேச்சு வரும். அதற்கு முன் பார்க்க வேண்டியவை: ஒப்புதலான உதவிகள் உண்மையிலேயே பயன்பட்டனவா, வாசிப்பு நேரக் கணக்கு சரியாக இருந்ததா, எந்த ஒரு பாடம் மற்றவற்றை இழுத்துப் போடுகிறது. பாடத்திலிருந்து அபராதமின்றி விலகக் கடைசி நாள் எது என்று கல்லூரி விதிமுறையில் பார்த்து, அதற்கு ஒரு வாரம் முன்பே மாணவர் தன் நேரப் பதிவையும் தேர்வுத்தாளையும் எடுத்துக்கொண்டு உதவி அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஒரு பாடத்தை மட்டும் அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைத்தால் மற்ற மூன்றையும் காப்பாற்ற முடியும் என்று பல சமயம் அந்தப் பதிவே காட்டிக் கொடுக்கும்.